கிட்டன்ஸ் பதியவிடாத மெட்டு

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். இது நடந்தது. ரொறன்ரோவில், 1987 மார்கழியில், நடுச்சாமத்தில் அல்ல, பின்னேரம் நாலு மணிக்கு நடந்தது. நடந்தது அன்புராசாவுக்கு. வேலைக்கு லீவு எடுக்கப் போனில் பொய்யாகக் “காய்ச்சல்” என்று சொல்லும்போதே வியர்த்துக் கொட்டுகிற ஆள் அவன். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

அன்புராசா சுழிபுரத்தான். எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் வந்தவன். மல்வேர்னில் நாலு பெடியளோடு ஒரு வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் பிடித்து நகர நடுவில் ஒரு ஹோட்டலுக்கு வேலைக்குப் போவான். அங்கே ஆட்கள் வந்து இருந்து குடித்துக்கொண்டு பியானோ கேட்கிற ஒரு லவுஞ்ச். அதைத் துப்புரவாக்குவது அவன் வேலை. மனைவி ரதி ஊரில். அவளுக்குக் கடிதம் எழுதமாட்டான். ஒரு சின்ன ரேப் றெக்கோடரில் குரலைப் பதிந்து, ஊருக்குப் போகிற ஆட்களிடம் கசற்றைக் கொடுத்துவிடுவான். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கனபேர் அப்படித்தான்.

அந்த லவுஞ்சில் பியானோ வாசித்தவர் எக்பர்ட் கிட்டன்ஸ். எழுபதைத் தொட்ட, நெடுத்த, கறுத்த மனிதர். பார்படோஸ் தீவில் பிறந்தவர். தேவாலயத்து ஹார்மோனியத்தில் விரல் பழகி, கப்பலில் வாசித்து, கனடாவுக்கு வந்து சேர்ந்தபோது கிடைத்த வேலை ரயிலில் வெள்ளைக்காரருக்குப் படுக்கை விரிப்பது. ரயில் ரொறன்ரோவில் நிற்கிற இரவுகளில் ஜாஸ் கிளப்புகளில் வாசித்தார். பிறகு படுக்கை விரிப்பதை விட்டார். ஐம்பதுகளில் அவர் பெயரைச் சொன்னாலே கிளப் நிறைந்துவிடுமாம். மொன்றியல், டிற்ரோயிற் என்று போய் வாசித்தவர். சில ஹோட்டல்களில் மேடைக்கு வா என்றார்கள், முன்கதவால் வராதே என்றார்கள். பின்பக்கத்துக் குசினிக் கதவால் போய், மேடை ஏறி, கைதட்டு வாங்கி, திரும்பவும் குசினிக் கதவால் வெளியே வந்தவர்.

அவருடைய இரண்டு மெட்டுகளை ஒரு பாண்ட் தலைவன் தன்னுடையவை என்று இசைத்தட்டாகப் போட்டுவிட்டான். முதல்முறை அது றேடியோவில் போனபோது கிட்டன்ஸ் சலூனில் தலையைக் கொடுத்துக்கொண்டு இருந்தாராம். முடி வெட்டுகிறவன் தலையாட்டி ரசித்தானாம். நான் போட்டது என்று சொன்னால் ஆர் நம்புவான்? ஆர் குத்தியும் அரிசியானால் சரி என்பார்கள் எங்கள் ஆட்கள். குத்தினவனுக்குக் கஞ்சியும் இல்லையென்றால் அது எப்படிச் சரியாகும்? எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும்.

பிறகு கிற்றார் காலம் வந்தது. ஜாஸ் கிளப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. கடைசியில் இந்த லவுஞ்ச். ஆட்கள் கடலை கொறித்துக்கொண்டு சத்தமாகக் கதைப்பார்கள். இவர் ஒரு மூலையில் வாசிப்பார்.

களவு போன பிறகு அவர் புதிதாகச் செய்தது ஒரே ஒரு மெட்டு. அதற்குப் பெயர் வைக்கவில்லை. தாளில் எழுதவில்லை. ஒருத்தரையும் பதிய விடவில்லை. நாலு மணிக்கு லவுஞ்ச் வெறுமையாகக் கிடக்கும்போது மட்டும் வாசிப்பார். கேட்டவர்கள் இரண்டு பேர். வக்யூம் அடிக்கிற அன்புராசா. பின்னால் குசினியில் கோப்பை கழுவுகிற சூசைதாசன், நாவாந்துறைப் பெடியன். கேட்டுக் கேட்டு இரண்டு பேருக்கும் அது மனப்பாடம். அன்புராசா பஸ்ஸில் முணுமுணுப்பான். சூசைதாசன் சட்டி தேய்க்கும்போது விசிலடிப்பான்.

வேலை முடிந்து போகும்போது அன்புராசா தன் உடைந்த ஆங்கிலத்தில் “போட்டு வாறன்”, அதாவது போய்விட்டு வருகிறேன், என்பான். முதல் நாள் கிட்டன்ஸ் சிரித்தார்.

“போற ஆள் ஏன் வாறன் எண்டு சொல்லுறாய்?” ஆங்கிலத்தில்தான் கேட்டார். நான் எங்கள் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

“நாங்கள் ‘போறன்’ எண்டு சொல்லமாட்டம், மிஸ்டர் கிட்டன்ஸ். கூடாது.”

“ஒருக்காலும் சொல்லமாட்டியளோ?”

“செத்த வீட்டில மட்டும் ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போவம். வாறன் எண்டு சொன்னால் திரும்பவும் சாவு வரும்.”

கிட்டன்ஸுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து வாசித்து முடித்து எழும்பும்போதெல்லாம் தொப்பியைத் தூக்கி, “ராசா, போட்டு வாறன்” என்பார். ஒரு நாளும் தவறியதில்லை.

அந்தக் கார்த்திகையில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. இதற்காகவே காத்திருந்ததுபோல ஹோட்டல் மனேச்சர் பியானோவை விற்றுவிட்டான். லவுஞ்சில் இனிப் பெரிய ரீவி வருமாம். மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை பியானோவைத் தூக்க ஆள் வரும் என்றான். மூடியைப் பூட்டித் திறப்பைத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டான்.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை அன்புராசா ஆஸ்பத்திரிக்குப் போனான். கிட்டன்ஸ் பாதி உடம்பாகிக் கிடந்தார்.

“பிக்கரிங்கில எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், பேர்ணடெற். சின்னனில நான் அவளோட இருந்ததே குறைவு. ஊர் ஊராய் வாசிச்சுக்கொண்டு திரிஞ்சன். அவளுக்கு விட்டுட்டுப் போக என்னட்ட ஒண்டும் இல்லை, ராசா. அந்த மெட்டு மட்டும்தான்.”

அன்புராசா அவருடைய போர்வையை இழுத்து மூடிவிட்டான்.

“உன்ர மெசினைக் கொண்டுவா. வியாழக்கிழமை என்னை விடுவினம். நாலு மணிக்கு வாறன். இடக்கையால வாசிக்கிறன். மிச்சத்தை அவள் கண்டுபிடிப்பாள்.”

“ஓம், மிஸ்டர் கிட்டன்ஸ்.”

வாழ்நாளில் முதல்முறையாக ஒருவனிடம் அந்த மெட்டைப் பதியச் சொன்னார். அதை நினைத்து அன்புராசா பஸ்ஸில் அழுதானாம்.

வியாழக்கிழமை. காலையிலிருந்து பனி கொட்டியது. மூன்றரைக்கே வெளியே மங்கிவிட்டது. அன்புராசா புதுக் கசற் ஒன்றைப் போட்டு, றெக்கோடரைப் பியானோவுக்குப் பக்கத்து மேசையில் வைத்தான். வரமாட்டார் என்றுதான் நினைத்தான். இந்தப் பனியில், இந்தக் கையோடு, எப்படி வருவார்?

நாலு பத்துக்குத் திரும்பிப் பார்த்தான். கிட்டன்ஸ் பியானோவின் முன்னால் இருந்தார்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. வக்யூம் ஓடிக்கொண்டிருந்ததால் இருக்கலாம் என்று நினைத்தான். ஓடிப்போய் அதை நிறுத்தினான். சந்தோசத்தில் வாய் குழறியது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். அன்புராசா றெக்கோடரின் சிவப்புப் பொத்தானை அமத்தினான்.

அப்போதுதான் கம்பளத்தைப் பார்த்தான்.

குளிர்காலத்தில் துப்புரவு வேலை செய்கிறவனுக்குத்தான் இது தெரியும். ரோட்டில் உப்புப் போட்டிருப்பார்கள். ஆர் உள்ளே வந்தாலும் சப்பாத்திலிருந்து வெள்ளை வெள்ளையாய்க் கறை விழும். அவன் மணிக்கணக்காகத் தேய்க்கிற கறை.

கதவிலிருந்து பியானோ வரைக்கும் கம்பளம் சுத்தமாகக் கிடந்தது.

கிட்டன்ஸ் மூடியைத் தூக்கினார். பூட்டின மூடி. திறப்பு மனேச்சரின் பொக்கற்றில்... அது தூக்குப்பட்டது.

வாசிக்கத் தொடங்கினார்.

இரண்டு கையாலும்.

அன்புராசா முதலில் கடவுளே என்று கும்பிட்டான். கை சுகமாகிவிட்டது என்றுதான் நினைத்தான். மெட்டு அப்படி வந்தது. முன்னொரு நாளும் அவர் அப்படி வாசித்ததில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு றெக்கோடரைப் பார்த்தான்.

சத்தம் ஏற ஏற ஆடுகிற சின்ன முள் ஒன்று அதில் இருக்கும். முள் அசையவில்லை.

கசற் சுற்றிக்கொண்டு இருந்தது. சிவப்பு லைட் எரிந்துகொண்டு இருந்தது. முள் மட்டும் சும்மா கிடந்தது. பழுது போலும் என்று நினைத்தான்.

தொண்டை கரகரத்தது. இருமினான்.

முள் துள்ளியது.

திரும்பவும் படுத்துவிட்டது. பியானோ இடிக்கிறது... முள் படுத்தே கிடக்கிறது.

பயத்தை மறக்க, வழக்கம்போல கூடவே முணுமுணுக்கப் பார்த்தான். தொடக்கத்து வரியை நினைத்தான்.

வரவில்லை.

இப்போதுதான் கேட்டது. இந்த நிமிடம்தான் கேட்டது. ஒரு வரி வாசித்து முடிய, அந்த வரி அவனுக்குள் இல்லை. அடுத்தது வரும். முடியும். அதுவும் இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறதுபோல, கேட்கக் கேட்கப் போய்க்கொண்டே இருந்தது.

நிறுத்துங்கோ என்று கத்த நினைத்தான்.

நாக்கு எழும்பவில்லை.

கடைசிச் சத்தம்... நின்றது.

சுவரில் மணி நாலரை.

கிட்டன்ஸ் எழும்பினார். தொப்பியை எடுத்தார். அன்புராசாவைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை.

ஒரு சொல் சொல்லவில்லை.

திரும்பி நடந்து போய்விட்டார்.

அன்புராசாவுக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் விளங்கியது. செத்த வீட்டிலிருந்து எழும்பிப் போகிறதுபோல அவர் போகிறார்.

குசினிக்குள் எப்படிப் போனான் என்று தெரியாது. சூசைதாசன் கோப்பையோடு நின்றான்.

“என்ன அண்ணை, முகம் வெளுத்துக் கிடக்கு?”

“கிட்டன்ஸ் போனவர். கண்டனியோ?”

“ஆர்? இஞ்சால ஒருத்தரும் வரேல்லை.”

“பியானோ கேக்கேல்லையோ உனக்கு?”

“இல்லை. நீங்கள் தனிய இருமினது கேட்டது.”

லவுஞ்சுக்கு இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். பியானோவின் மூடி பூட்டினபடியே கிடந்தது.

அரைமணி நேரத்தில் ஹோட்டலுக்குப் போன் வந்தது. பேர்ணடெற். தகப்பன் நேற்றுக் காலை, புதன்கிழமை, போய்விட்டார் என்றாள்.

செத்த வீட்டு அலுவல்கள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அன்புராசா கசற்றோடு பிக்கரிங்குக்குப் போனான். வியாழக்கிழமை நடந்ததை அவன் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? உங்கள் அப்பா பதியச் சொன்னவர் என்று மட்டும் சொன்னான். பேர்ணடெற் நாற்பது வயதுப் பெண். வீட்டில் ஒரு பழைய பியானோ. சின்ன வயதில் தகப்பன் விரலைப் பிடித்துக் காட்டிக் கொடுத்த நாட்கள் கொஞ்சம்தான் என்றாள். அந்த மெட்டைத் தான் முழுதாகக் கேட்டதே இல்லை என்றாள். இரண்டு கையாலும் கசற்றை வாங்கினாள்.

போட்டார்கள். குழாய்க்குள் வெப்பம் ஓடுகிற இரைச்சல். ஒரு இருமல். கதிரை நகர்கிற சத்தம். வேறு ஒன்றும் இல்லை. பக்கம் முடியும்வரை கேட்டார்கள்.

“மெசின் பழுதாப் போச்சுது போல. பரவாயில்லை” என்று பேர்ணடெற் கண்ணைத் துடைத்தாள். “நீங்கள் அதைத் தினமும் முணுமுணுப்பீங்களாம். அப்பா போனில சொன்னவர். சும்மா பாடுங்கோ. நான் பியானோவில பிடிக்கிறன்.”

பியானோவின் முன்னால் இருந்து, விரல்களைக் கட்டைகளில் வைத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவனைப் பார்த்தாள்.

அன்புராசா வாயைத் திறந்தான்.

ஊமை கண்ட கனவுதான். எத்தனை நாள் பஸ்ஸில் பாடினது! ஒரு சுரம் வரவில்லை. சூசைதாசனுக்குப் போன் அடித்தான். அவனும் விசிலடிக்க உதட்டைக் குவித்தான். காற்றுத்தான் வந்தது. “வியாழக்கிழமை காலமையும் அடிச்சனான் அண்ணை, என்னெண்டு மறந்தது?” என்று போனிலேயே அழத் தொடங்கிவிட்டான். கொடுக்க வந்த மனிதர் ஏன் இப்படிச் செய்தார் என்று நானும் எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். மனம் மாறி, இனி ஒருவனும் களவெடுக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனாரா? அல்லது செத்தவனிடம் வாங்கினால் இப்படித்தான் ஆகுமா? எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

பேர்ணடெற் விடவில்லை. பார்படோசில் தகப்பனின் தங்கை யூனிஸ் இருக்கிறா. அந்த மெட்டின் தொடக்கம் அவர்களுடைய தாய் உடுப்புத் தோய்க்கும்போது பாடினது. யூனிஸ் ஒரு நாள் விடாமல் அதைப் பாடுகிறவ. தொடக்கம் கிடைத்தால் போதும், மிச்சத்தை நான் கட்டுவேன் என்றாள். அப்போதே போன் அடித்தாள். அன்புராசா பக்கத்தில் நின்றான்.

பேர்ணடெற் கேட்டாள். போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

வியாழக்கிழமை பின்னேரம் யூனிஸ் மாமி குசினியில் மீன் கழுவிக்கொண்டு பாடினாவாம். பின்னால் ஆரோ கூடச் சேர்ந்து முணுமுணுத்தார்களாம். அண்ணனின் குரல் மாதிரி. கடைசி வரைக்கும் கூடவே வந்ததாம். திரும்பினால் ஒருவரும் இல்லை. அங்கே மணி ஐந்தரை. இங்கே நாலரை.

மாமி திரும்பவும் பாட வாயைத் திறந்தாவாம். அன்றிலிருந்து அந்த மெட்டைத் தேடுகிறாவாம்.