இடப்பக்க இருக்கையில் ராயப்பன்

ராயப்பனுக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. முதலில் இருட்டில் தடுமாறினார். பிறகு பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரியாமல் போனார்கள். விழித்திரை தேய்கிற நோய், மருந்து கிடையாது என்று மதுரை வரை போய்க் கேட்டு வந்தார்கள். கடைசியில் சாவித் துவாரம் அளவுக்கு மிஞ்சியிருந்த வெளிச்சத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது வெள்ளை நிறத்தைத்தான். ஆத்தூர் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைத்த ஜவ்வரிசி மாசி வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். ஒருநாள் அந்தக் கூச்சமும் நின்றுபோனது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து மனைவி ரோசியிடம், "களத்துல வெயில் இல்ல இன்னிக்கு" என்று மட்டும் சொன்னார். வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ரோசி புரிந்துகொண்டு அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

ரோசி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. ஆலை முதலாளி புது வண்டி வாங்கியபோது தன்னுடைய பழைய ஜெர்மன் காரை ராயப்பனுக்கே கைமாற்றி விட்டார். கண் தெரியாதவருக்குக் கார் எதற்கு என்று பங்குக் கோவில் வாசலில் சிலர் சிரித்தது ரோசியின் காதில் விழுந்தது. அடுத்த வாரமே டிரைவிங் வகுப்பில் சேர்ந்தாள். அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் சேலத்திலிருந்து தம்மம்பட்டிக்குப் போவது வழக்கமாயிற்று. அங்கே மகள் டெபோரா கால்நடை மருத்துவராக இருந்தாள்.

அந்தக் கார் ரன் ஃபிளாட் டயரில் ஓடுவது. ஆணி குத்திக் காற்று முழுக்க இறங்கினாலும் பக்கவாட்டு ரப்பர் வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்து ஊர் போய்ச் சேரலாம். அதனால் டிக்கியில் ஸ்டெப்னி கிடையாது. டயர் கெட்டியாக இருப்பதால் சாலையின் ஒவ்வொரு நெளிவும் இருக்கைக்கு வந்துவிடும். மற்றவர்களுக்கு அது தொந்தரவு. ராயப்பனுக்கு அதுதான் வழி. இடப்பக்க இருக்கையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, பாலத்தின் இணைப்புகள் டக் டக்கென்று தட்டும்போது, "அயோத்தியாப்பட்டணம்" என்பார். சாலையின் குறுக்கே போட்ட பட்டைக் கோடுகள் உறுமினால் சுங்கச்சாவடி. புளித்த மரவள்ளிக் கிழங்குத் தண்ணீர் வாடை வந்தால் ஆலைகள் வந்துவிட்டன என்று அர்த்தம். ரோசி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் மாட்டாள், சாலையிலேயே கண்ணாக இருப்பாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மாலை, திரும்பி வரும்போது வாழப்பாடியைத் தாண்டியதும் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்பக்க டயர் ஒன்றில் காற்று இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ரோசி வேகத்தைக் குறைத்தாள். நிற்காமல் சேலம் வந்து சேர்ந்தார்கள். ராயப்பனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் ரோசி சொன்னாள். சாலையின் ஒவ்வொரு மேடும் தனக்குத் தெரியும் என்றிருந்தவருக்கு, காற்றில்லாத டயரில் அவ்வளவு தூரம் பேசிக்கொண்டே வந்தது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் சீலநாயக்கன்பட்டியில் இருந்த டயர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சென்னியப்பன், திருச்செங்கோட்டுக்காரர். டயரைக் கழற்றி உள்ளே விரல்விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காத்து இல்லாம ஓடுனதுல உள்பக்கம் வெந்துபோச்சுங்க. பஞ்சர் போட்டு ஓட்டுனா நம்ப முடியாது. மத்த மூணும் வயசானதுங்க. நாலையும் ஒண்ணா மாத்திருங்க சாமி. இது ரெண்டு அது ரெண்டுன்னு கலக்கக் கூடாது."

"இதே ரன் ஃபிளாட்டா, இல்ல சாதா டயரா?" என்றாள் ரோசி.

"அத நீங்கதானுங்க சொல்லோணும். சாதா டயருன்னா மெத்து மெத்துன்னு போகும், விலையும் கம்மி. ஆனா டிக்கியில ஒரு ஸ்டெப்னியப் போட்டுக்கோணும், பஞ்சரானா நிறுத்தித்தான் ஆகோணும். என் வண்டியும் இதே வண்டிதானுங்க. நான் சாதா டயர் மாத்திட்டேன். ஒரு ரவுண்டு வாரீங்களா?"

சென்னியப்பன் ஓட்ட, ராயப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். ரோசி பின்னால். வண்டி நாமக்கல் சாலையில் ஏறியது. ராயப்பன் பழக்கப்படி பாதத்தைத் தரையில் பதித்துக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. சாலை எங்கோ கீழே, போர்வைக்கு அடியில் கிடப்பதுபோல இருந்தது. பாலமா, சமதளமா, தெரியவில்லை. ஏரித் தண்ணீரில் பரிசல் போவதுபோல ஓர் அசைவு மட்டும். சென்னியப்பன் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலும் தண்ணீருக்கு அப்பால் போனது.

களத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். பாதத்தின் அடியில் ஜவ்வரிசி வெதுவெதுப்பாக உருண்டது. வெள்ளை, கண் எட்டுகிற மட்டும் வெள்ளை. அது சேர்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் போய் அங்கே நீலத்தில் முட்டி நின்றது. நடுவில் ஒரு பெண் சிவப்புச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரப்பலகையால் வரி வரியாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்பை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மறந்தே போயிருந்த நிறம். அவள் திரும்பினால் யாரென்று தெரிந்துவிடும். திரும்புகிற சமயத்தில் வண்டி நின்றது.

"நாம இன்னும் கடைகிட்டதான் நிக்கிறமா?" என்றார் ராயப்பன்.

"மல்லூரே தாண்டிட்டமுங்க" என்று சிரித்தார் சென்னியப்பன். "நல்லாத் தூங்கிட்டீங்க."

ராயப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டியில் அவர் தூங்கியதே இல்லை. கடைக்குத் திரும்பி வந்து இறங்கியதும், "சாதா டயரே போட்ருங்க" என்றார். சென்னியப்பன் டீ சொல்லப் போனார்.

"என்ன ரோசி, பேச மாட்டேங்கிற?"

"உங்களுக்குப் புடிச்சிருந்தா அதையே போட்டுக்கலாங்க."

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். விடைத்தாள் திருத்தும்போது, மதிப்பெண் போட மனமில்லாமல் போடுகிறவளின் குரல். பெஞ்சில் கைவைத்துத் தடவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கனவுல நிறம் தெரிஞ்சுச்சு. அதான் சாதா டயர் கேட்டேன். நீ சொல்லு."

ரோசி அவர் பக்கம் திரும்பினாள். "ஸ்டியரிங்கப் புடிச்சாலே எனக்குப் பயந்தாங்க. அன்னிக்கு அந்த லைட்டு எரிஞ்சதும் இன்னும் பயமாயிருச்சு. நீங்க ஆலையில கிழங்க அரைச்சுப் பால் எறங்குற கதையச் சொல்லிட்டு வந்தீங்க. நான் எதையும் கேக்கல. மாதாவே மாதாவேன்னு வந்தேன். நிக்கணும்னா நான் மழையில எறங்கணும். எனக்கு ஜாக்கி போடத் தெரியாது. உங்கள உள்ள உக்கார வெச்சுட்டு, லாரியெல்லாம் ஒரசிட்டுப் போற எடத்துல நான் என்ன பண்ணுவேன்? நிக்காம வந்தோம் பாருங்க, அது போதும் எனக்கு."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா, இனிமே போக வேணாம்னுருவீங்க. வீட்டுக்குள்ளயே உக்காந்துருவீங்க."

ராயப்பன் பாலங்களை எண்ணிக்கொண்டு சுகமாக வந்த ஞாயிறுகளிலெல்லாம், ஒரு கை தூரத்தில் இவள் பயத்தோடு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

சென்னியப்பன் டீயோடு வந்ததும், "ரன் ஃபிளாட்டே போடுங்க. நாலும்" என்றார் ராயப்பன்.

"இப்ப வாரது பழசு மாதிரி அவ்வளவு கெட்டியில்லீங்க" என்று சொல்லி, சென்னியப்பன் கடையிலிருந்த ஒரு புது டயரை உருட்டி வந்து அவர் முன்னால் நிறுத்தினார். ராயப்பன் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். எருமையின் தோள்பட்டைபோல லேசாக அமுங்கி எதிர்த்தது. புடைத்திருந்த எழுத்துகளை விரலால் வருடிக்கொண்டே போய், தயாரித்த வாரமும் வருஷமும் இருக்கும் இடத்தில் நிறுத்தினார். "போன வருஷக் கடைசி. இது வேண்டாம், இன்னும் புதுசா வரவழைங்க." சென்னியப்பன் சரியென்று ஃபோனை எடுத்தார்.

புது டயர்கள் வந்து, மாட்டி, அலைன்மெண்ட் பார்த்து, அடுத்த ஞாயிறு தம்மம்பட்டிக்குக் கிளம்பினார்கள். சென்னியப்பன் சொன்னது உண்மைதான். பாலம் இப்போது தட்டவில்லை, தொட்டது. வாழப்பாடிக்கு அப்புறம் ராயப்பனுக்குக் கணக்குத் தவறிவிட்டது. மல்லியக்கரையில் திரும்பியதும் கூச்சத்தோடு கேட்டார், "இப்ப என்ன இருக்கு?"

"இடது பக்கம் மரவள்ளி" என்றாள் ரோசி, வகுப்பில் சொல்வதுபோல. "வலது பக்கம் பாக்குத் தோப்பு. ஒரு கெணத்து மேல மயில் உக்காந்திருக்கு. தோகை இல்லாத மயில்." நிறுத்தினாள். "மலை மேல மேகம் எறங்கியிருக்கு. பாதி மலையக் காணோம்." பிறகு அவளே தொடர்ந்தாள். ஓட்டிக்கொண்டே பேச வரும் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. பேசப் பேச ஸ்டியரிங்கில் இறுகியிருந்த விரல்கள் தளர்ந்தன. ராயப்பன் கண்ணை மூடிக்கொண்டார். மயில், பாக்கு, மேகம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்து, தத்தம் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டன.

டெபோரா வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவளுக்கு ஃபோன் வந்தது. மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறதாம். அவளுடைய ஸ்கூட்டர் பட்டறையில் இருந்தது. "மண்ணு ரோடும்மா, கல்லு கெடக்கும். நான் யாரையாவது வரச் சொல்றேன்" என்றாள்.

தார்ச்சாலையை விட்டு வண்டியை இறக்க அதுவரை துணியாத ரோசி சாவியை எடுத்தாள். "ஏறு. அப்பாவும் வரட்டும்."

கல்லிலும் பள்ளத்திலும் வண்டி ஆடி ஆடிப் போனது. தோட்டத்தில் நிறுத்தியதும் டெபோரா பையோடு ஓடினாள். தொழுவம் இருட்டாக இருந்ததால் ரோசி டார்ச்சோடு பின்னால் போனாள். ராயப்பன் கதவைத் திறந்துவைத்து, காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். மலைக்காற்று கிழங்குக் கொல்லையைத் தாண்டி வந்தது. தொழுவத்தில் டெபோரா, "புடிச்சுக்கோம்மா, இழுக்காத, புடிச்சுக்கோ" என்பது கேட்டது. பிறகு மாடு நீளமாக ஒரு மூச்சு விட்டது. ஈரமான எதுவோ வைக்கோலில் விழுந்தது. ரோசி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"என்னங்க, கெடேரிக் கன்னு!" என்று அங்கிருந்தே கத்தினாள். "செவலை. நெத்தியில வெள்ளை."