ஒரே ஒரு லிஃப்ட் இருக்கிற ஊர்

அவசரம் அவரோடு கூடப் பிறந்தது. பல் தேய்த்துக்கொண்டே சட்டைக்குப் பட்டன் போடுவார், சாப்பிட்டுக்கொண்டே செருப்பைத் தேடுவார். யாராவது ஒரு கதையை ஆரம்பித்தால், "சரி, கடைசியில என்ன ஆச்சு?" என்று முதல் வரியிலேயே கேட்டுவிடுவார். பெருநகரத்து லிஃப்ட் கம்பெனி ஒன்றில் பல வருஷமாக மெக்கானிக். அந்த வேலைக்கு இப்படி ஒரு மனுஷன்தான் வேண்டும் என்று கம்பெனி நினைத்தது. இப்படி ஒரு மனுஷனுக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை என்று அவர் மனைவி நினைத்தாள்.

மனைவி நர்ஸ். சின்ன ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று கூப்பிட்டார்கள். முதலில் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம். அவள் போன கையோடு போன் செய்து, "என்னங்க, இங்க ஜன்னலைத் திறந்தா காத்து வருதுங்க!" என்றாள். மற்ற ஊரில் ஜன்னலைத் திறந்தால் கரடியா வரும் என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"சட்டையைப் போட்டுப் பாக்கிற மாதிரி ஊரையும் போட்டுப் பாக்குறேன். எனக்கும் பிடிச்சா இருப்போம். இல்லன்னா ரெண்டு பேரும் திரும்பிடுவோம், சரியா?"

"சரிங்க" என்றாள். ஒரு மாச லீவு போட்டு வந்து இறங்கினார்.

வாடகை வீட்டின் முன் ஜன்னலைத் திறந்தால் கடைத்தெரு, பின் ஜன்னலைத் திறந்தால் சோளக்காடு. ஊராக வளர ஆரம்பித்து, பாதியில் மனசு மாறி நின்றுவிட்ட இடம். தொழில் புத்தி போகுமா? வந்த அன்றைக்கே தெருவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார். ஓடு, தகரம், ஒற்றை மாடி, மறுபடியும் ஓடு. "இங்க லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன வேலை? ஏணி வித்தாத்தான் உண்டு" என்று மனைவியிடம் புலம்பினார். அவள் சிரித்தாள், ஆனால் அவர் முகத்தை ஒரு கணம் அதிகமாகவே பார்த்தாள்.

புலம்பல் அதோடு நின்றதா? பால் வாங்கப் போனால் கடைக்காரர் நலம் விசாரித்து முடிப்பதற்குள் பால் திரிந்துவிடும்போல் இருக்கிறது. ஸ்க்ரூ வாங்கப் போனால், எதற்கு, எந்தச் சுவரில், அந்தச் சுவருக்கு என்ன கேடு என்று விசாரணைக் கமிஷன். தினமும் சாயங்காலம் மனைவி டியூட்டி முடிந்து வந்ததும் அன்றைய குறைகளை ஒப்பித்தார். அவள் கேட்டுக்கொண்டே துணி மடிப்பாள். மடிக்க மடிக்க அவள் முகம் வாடியதை, அவசரக்காரர் கவனிக்கவில்லை.

ஊரில் ஒரு லிஃப்ட் இருந்தது. கடைத்தெருவில் புதிதாக எழுந்த மூன்று மாடி ஜவுளிக்கடையில், கண்ணாடிக் கதவோடு. நம்மவருக்கு அது தெரியவந்ததே அது கெட்டுப்போன அன்றைக்குத்தான். கடைக்காரம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, கூப்பிட வந்தவரை முந்திக்கொண்டு ஓடினார். அவ்வளவு நாள் சும்மா இருந்த கை!

"தம்பி, இது அடிக்கடி படுத்துதுப்பா. டவுன்லேர்ந்து ஆள் வருவாங்க, பெல்ட்டை மாத்துவாங்க, போவாங்க. மறுபடியும் படுத்துக்கும்."

கதவு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். சூடு. பெல்ட் நைந்து போயிருந்தது. தற்காலிகமாக ஒரு வழி பண்ணி ஓடவிட்டு, ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. அந்த ஊரில் லிஃப்ட்டில் ஏறிய யாரும் உடனே மேலே போவதில்லை. தெருவை எட்டிப் பார்க்கிறார்கள். தெரிந்த முகம் ஒன்று கடைப்பக்கம் வந்தால் போதும், கதவுக்கு நடுவில் காலை வைத்துக்கொண்டு, "வாங்க வாங்க, மெதுவா வாங்க!" கதவு மூட வரும், காலில் முட்டும், திறக்கும், மறுபடியும் மூட வரும். தெரியாத முகமே இல்லாத ஊரில் அந்த மோட்டார் என்ன செய்யும், பாவம்.

"ஏங்க, காலை வெச்சுத் தடுக்கலாமா?" என்றார், வாசலில் நின்ற தையல்கார அம்மாவிடம்.

"பின்ன? ஆள் வருதுல்ல?"

பெருநகரத்தில் அவர் பழுதுபார்த்த பட்டன்களிலேயே அதிகம் தேய்ந்தது கதவை மூடுகிற பட்டன்தான். வருகிறவரைப் பார்த்ததும் விரல் அங்கேதான் போகும். இங்கே தலைகீழ். அவர் உற்சாகமாக வேலையில் இறங்கினார். புது பெல்ட் போட்டார், கதவு சீக்கிரம் மூடும்படி வைத்தார், தடுத்தால் கூச்சலிட ஒரு பஸ்ஸரும் மாட்டினார். கம்பெனி முறைப்படி அப்பழுக்கில்லாத வேலை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாளே கடைக்காரம்மாவிடமிருந்து அழைப்பு.

"தம்பி, லிஃப்ட் சூப்பரா ஓடுது."

"தெரியும்க்கா."

"ஆனா யாரும் ஏறல."

"ஏன்?"

"மூஞ்சியில கதவைச் சாத்துதாம். தையல்கார அம்மா துணிமூட்டையோட ஓடி வந்திருக்கா. அவ தங்கச்சியை மட்டும் ஏத்திக்கிட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. 'நிறுத்துப்பா, நிறுத்துப்பா'ன்னு கத்தியிருக்கா. நிக்கலையாம். உன் லிஃப்ட்டுக்கு மரியாதை தெரியலன்னு ஊரே பேசுது."

போய்ப் பார்த்தார். உண்மைதான். லிஃப்ட் விளக்கெரிய நின்றுகொண்டிருந்தது. மூட்டுவலிக்காரரான ரிடையர்ட் போஸ்ட்மாஸ்டர்கூட, படியில் ஒவ்வொரு காலாக வைத்து, "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தார். லிஃப்ட்டோடு ஊர் பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டது.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. பிறகு சிரிப்பு. வீட்டுக்குப் போகும் வழியில் சட்டென்று ஒரு யோசனை வந்தது பாருங்கள், நடுத்தெருவில் நின்றுவிட்டார். கதவைப் பிடித்து வைக்க ஒரு பட்டன்! ஆஸ்பத்திரி லிஃப்ட்டுகளில் ஸ்ட்ரெச்சருக்காக இருக்குமே, அதே சங்கதி. அதை அழுத்தினால் மோட்டாருக்கு ஓய்வு, கதவு தன்பாட்டில் திறந்து நிற்கும், காலை வைத்து வதைக்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் வேகமாகப் போக வழி கேட்டவர்கள் உண்டு. காத்திருக்க வழி கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? ரொம்ப நேரம் நின்றால் மேல்மாடியில் இருப்பவர்கள் வைவார்கள். கடைக்குத் திரும்பி ஓடிக் கேட்டார். கடைக்காரம்மா, "தெருமுனையில வர்ற ஆளு வந்து ஏறுற வரைக்கும்" என்றார்.

"முனையில வர்ற எந்த ஆளு? ஆளுக்கு ஒரு நடை இல்லையா?"

ரெண்டு பேரும் யோசித்தார்கள். பிறகு ஒரே சமயத்தில், இன்னும் படியேறி முடிக்காத போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார்கள்.

அன்றைக்குக் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. முனையிலிருந்து போஸ்ட்மாஸ்டரை நடக்கவிட்டு, இவர் கைக்கடிகாரத்தோடு லிஃப்ட் வாசலில் நின்றார். முதல் தடவை பெரியவர் கூட்டத்தைப் பார்த்து வீம்பாக வேகமாக நடந்துவிட்டார். "ஐயா, நிஜமா நடங்க, போட்டிக்கு நடக்காதீங்க!" என்று கத்தினார் லிஃப்ட்காரர். இரண்டாம் தடவை வழியில் ரெண்டு பேரிடம் பேசிவிட்டு வந்தார். "இதுதான் நிஜ நடை" என்றார் தையல்கார அம்மா. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நேரத்தை அதற்கே வைத்தார். உள்ளங்கை அகலத்தில் பட்டன், அதன்மேல் சிவப்புப் பெயின்ட்டில் "ஆள் வருது" என்று கொட்டை எழுத்து.

பட்டன் வேலை செய்ய ஆரம்பித்த காலையில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலே எந்த வேலையும் இல்லாதவர்கள்கூட ஏறி இறங்கினார்கள். யார் யாரோ தோளைத் தட்டினார்கள். அடுத்த ஊரிலிருந்து வந்திருந்த கிடங்குக்காரர் தன் சரக்கு லிஃப்ட்டைப் பார்க்கச் சொன்னார், அங்கே இரண்டு கட்டடம் எழும்புவதாகவும் சொன்னார். இவர் சிரித்துக்கொண்டே நின்றார். இவ்வளவு சந்தோஷம் கடைசியாக எப்போது வந்தது என்று நினைத்துப் பார்த்தால், ஞாபகத்துக்கே வரவில்லை.

அப்போதுதான் தையல்கார அம்மா கேட்டார். "இவ்வளவும் பண்ணிட்டு ஊரை விட்டுப் போறீங்களாமே அண்ணா?"

"யார் சொன்னா?"

"நர்ஸுங்க யூனிஃபார்முக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். பெரிய டாக்டரம்மாகிட்ட இன்னைக்கு வேண்டாம்னு சொல்லப் போறேன்னு உங்க வீட்ல வார்டுல சொல்லிட்டிருந்தாங்க. கண்ணெல்லாம் கலங்கிப்போய் இருந்துச்சு."

நிரந்தரமாக இருப்பதா இல்லையா என்று அவள் ஆஸ்பத்திரியில் பதில் சொல்ல வேண்டிய நாள் இன்றைக்குத்தான். குறை சொல்ல மட்டும் தினமும் வாயைத் திறந்தோமே, பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னோமா? ஸ்பேனரைத் தையல்கார அம்மாவின் கையிலேயே திணித்துவிட்டு ஓடினார்.

"எங்க தம்பி இவ்வளவு வேகமா?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"பொண்டாட்டியைப் பாக்க!"

தெருவே சிரித்தது. அவர் நிற்கவில்லை.

வார்டு வாசலில் அவள் துவைத்த விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க" என்றாள், விரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேண்டாம்னு சொல்லிட்டேன். நீங்க பெட்டியைக் கட்டலாம்."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்குடி" என்றார். மூச்சு வாங்கியதில் பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

அவள் கையிலிருந்த விரிப்பு நழுவியது. "இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீ கேக்கலயே."

"எப்படிக் கேப்பேன்? தினமும் குறையா சொல்லிட்டிருந்தீங்க!"

"குறை சொல்றது என் வாய்ப்பழக்கம். நம்ம கல்யாணத்தன்னிக்கே ஃபேன் சரியா சுத்தலன்னு சொன்னவன்தானே நான்? அதுக்காக எழுந்து போயிட்டேனா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வராந்தாக் கோடியில் இருந்த அறைக்குள் நுழைந்தாள்.

பெரிய டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி ரெண்டு பேரையும் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். நல்லவேளை, இன்னும் மேலிடத்துக்குத் தகவல் போகவில்லை.

"உங்க மனைவிக்கு இங்க வேலை இருக்கு. உங்களுக்கு? மொத்த ஊருக்கும் ஒரே ஒரு லிஃப்ட். கொஞ்ச நாள்ல சலிச்சுப்போய் இவங்களையும் கூட்டிட்டுக் கிளம்பிட்டா, என் வார்டு என்ன ஆகும்?"

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுகிற மனுஷன், முதல் தடவையாக யோசித்துவிட்டுப் பேசினார்.

"அங்க நூத்துக்கணக்குல லிஃப்ட் பாத்தேன் டாக்டர். அதுல ஏறின ஒருத்தர் முகமும் எனக்கு ஞாபகமில்ல. இங்க ஒண்ணே ஒண்ணு. ஆனா அதுல யார் ஏறுறாங்க, அவங்களுக்கு எந்தக் கால் வலி, எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குச் சலிக்காது."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அவள் தன்னையறியாமல் கணவன் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நான் இருக்கேன், டாக்டர்" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் சொல்ல ஆசைப்பட்டது அதைத்தான்.