சீவலப்பேரிப் பள்ளியில் உயர வரிசை

ஆவுடைநாயகம் பாளையங்கோட்டைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. கூடப் படிக்க வந்தவர்களுக்கு மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. சீவலப்பேரிப் பள்ளியில் நெடுங்காலம் உதவி வாத்தியாராக இருந்தவர் அவர். தலைமை வாத்தியார் கண் மங்கி விலகியதும் அந்த நாற்காலி தனக்குத்தான் என்று நினைத்தார். சர்க்கார் விதி குறுக்கே வந்தது. பயிற்சிச் சான்று இல்லாதவன் அதில் உட்கார முடியாது. ஆகவே படிக்கப் போனார்.

"இந்த வயசுல சிலேட்டைத் தூக்கிட்டுப் போறியளே அத்தான், குடுமியில எண்ணெய் வச்சுச் சீவி விடவா?" என்றாள் மனைவி சொர்ணாம்பாள்.

"சீவி விடு. அப்படியே கட்டுச்சோறும் கட்டு."

பாடம் சொல்லித்தர அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை நடத்துவதே ஒரு படிப்பு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. எந்த மணிக்கு எந்தப் பாடம், ஜன்னல் எந்தப் பக்கம், பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது, எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் முறை இருந்தது. குட்டையானவர்கள் முன்னால். நெட்டையானவர்கள் பின்னால். கண்ணோ காதோ மந்தமானவர்கள் கரும்பலகைக்குப் பக்கத்தில். அந்தப் புத்தகத்தை எழுதியவன் சீமைக்காரன். சாதி என்று ஒன்று உண்டு என்பது அவன் யோசனையிலேயே இல்லை. பரீட்சையில் அதையே படமாக வரையச் சொன்னார்கள். ஆவுடைநாயகம் அழகாக வரைந்து கொடுத்துத் தேறினார்.

தேறினால் மட்டும் போதாது. இன்ஸ்பெக்டர் ஊருக்கு வந்து, அவர் ஒரு நாள் பள்ளியை நடத்துவதைப் பார்த்துவிட்டுத்தான் சான்றில் கையெழுத்துப் போடுவார்.

ஊருக்குத் திரும்பி நடக்கும்போது அந்தப் படம் அவர் மனசை அறுத்தது. சொந்தப் பள்ளியின் படம் வேறு. உள்ளே கோரைப்பாயில் மேலத்தெருப் பிள்ளைகள். வெளியே பூவரச மரத்தடி மண்ணில் கீழத்தெருப் பிள்ளைகள், அதாவது மேலத்தெருக்காரர்களின் வயலில் உழைக்கிறவர்களின் மக்கள். அவர்களுக்கு ஜன்னல் வழியாகப் பாடம். மழை வந்தால் லீவு. வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டு, பதிவில் 'வரவில்லை' என்று எழுதிய கை ஆவுடைநாயகத்தின் கைதான். கூசாமல் எழுதிய கை.

ஐப்பசி பிறந்ததும் அவர் கீழத்தெருவுக்குப் போனார். மரத்தடியில் படிக்கும் மாரிக்கண்ணுவின் தாய் தங்கத்தாய் முழங்கால் வரைக்கும் சேற்றோடு நடவிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பிள்ளைகளை இனி உள்ளே, உயரப்படி உட்கார வைக்கப் போவதாகச் சொன்னார்.

"உள்ளயா? வேண்டாம் சாமி. இன்ஸ்பெட்டரு வந்துட்டுப் போனதும் எங்க பிள்ளையள மறுபடி வெளிய தள்ளிருவிய. எனக்கு வயல்ல வேலை போயிரும். நீங்களா கஞ்சி ஊத்துவிய?"

தங்கத்தாய் அதோடு விடவில்லை.

"ஒரு நாள் கூத்துன்னா வேண்டாம். நெதமும்னா சொல்லுங்க."

"நெதமும்தான்" என்றார்.

தங்கத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பம் நடவு முடியுததுக்குள்ள செய்யுங்க சாமி. இப்பம்னா எங்களைத் தள்ள முடியாது. ஆளு கெடைக்காது."

மறுநாள் காலையில் ஆவுடைநாயகம் ஒவ்வொரு பிள்ளையையும் சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேல் கரியால் கோடு போட்டார். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். குதிகாலைத் தூக்கி நின்றவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு கோட்டின்படி உட்கார வைத்தார். மாரிக்கண்ணு முதல் வரிசை. கோரைப்பாய் குத்துகிறது என்று நெளிந்தான்.

மத்தியானத்துக்குள் செய்தி மேலத்தெருவை எட்டியது. பாதிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் பள்ளியின் மானேஜர் நாறும்பூநாத பிள்ளையே வந்தார். ஊரில் பாதி வயல் அவருடையது. பள்ளிக் கட்டடமும் அவருடையது.

"என்னவே நெனச்சுக்கிட்டிருக்கீரு? எம் மகனைக் கடைசி வரிசையில கொண்டு போட்டிருக்கீராமே?"

ஆவுடைநாயகம் வேறு கேள்விக்குத் தயாராக இருந்தார்.

"உசரப்படி அண்ணாச்சி. சர்க்கார் புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"அந்தப் பயலுவ முன்னால இருப்பானுவ, நெல்லையப்பன் அவனுவ முதுகைப் பாத்துக்கிட்டுப் படிக்கணுமோ?"

"பள்ளிக்கூடத்துலயே உசரம் அவன்தான் அண்ணாச்சி. வேணும்னா கோட்டைப் பாருங்க."

பிள்ளை சுவரைப் பார்த்தார். பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "இது யாரு கோடு?"

"கணக்குப்பிள்ளை மகன்."

"எம் பையனுக்குக் கீழயா?"

"நாலு விரக்கடை கீழ."

பிள்ளை மீசையைத் தடவினார். கோபம் போய்விடவில்லை. ஆனால் அதில் பழைய காரம் இல்லை. "கூட உக்காத்துனது தப்புவே. ஊரு ஒத்துக்கிடாது."

"படத்தை வரைஞ்சு மார்க் வாங்கிட்டேன் அண்ணாச்சி. இனிமே மாத்தி உக்காத்துனா நான் பொய்யன். தலைமை வாத்தியார் வேலை கெடைக்காமப் போனாலும் போகட்டும்." புறப்படத் திரும்பிய பிள்ளையை நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தங்கத்தாய் நாளைக்கு வயலுக்கு வரலாமா?"

"பின்னே? நாத்து தானா நட்டுக்கிடுமா?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் பிள்ளை போனார்.

மறுநாள் நெல்லையப்பன் வந்தான். கடைசி வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். மற்ற வீட்டார் பிள்ளைகளை அனுப்பவில்லை.

அந்த வாரமே இன்ஸ்பெக்டர் வந்தார். பாயில் கண்ட இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. ஆவுடைநாயகம் பாடத்தைத் தொடங்கினார். கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது கூரையில் சடசடவென்று மழை விழுந்தது. கீழத்தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். சிலேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள்.

"எங்கே போகிறார்கள்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மழை சார். லீவு" என்றான் மாரிக்கண்ணு, இது கூடத் தெரியாதா என்பதுபோல.

ஆவுடைநாயகத்துக்கு முகம் வெந்தது. "உக்காருங்கலே. இனிமே மழைக்கு லீவு கெடையாது."

பிள்ளைகள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பைய வந்து உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகப் பூவரச மரத்தடியைப் பார்த்தார். அங்கே மண், பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்து கிடந்தது. குழிகளில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது.

புறப்படும்போது சொன்னார்: "இத்தனை இடம் காலியாக இருக்கும்போது, நன்றாக நடத்துகிறீர் என்று எழுத முடியாது. கெட்ட ரிப்போர்ட்டும் எழுதமாட்டேன். தை மாதம் வருகிறேன். நிரப்பி வையும்."

ஆவுடைநாயகம் வீடு வீடாகப் போனார். கதவைச் சாத்தினார்கள், திரும்பவும் போனார். மானேஜர் மகனே அங்கே படிக்கும்போது தங்களுக்கு என்ன என்று ஒரு வீடு இறங்கி வந்தது. பிள்ளைகளை வீட்டில் வைத்து மேய்க்க முடியாமல் இன்னும் சில தாய்மார் அனுப்பினார்கள். இரண்டு வீட்டார் தங்கள் மூன்று பிள்ளைகளைக் கடைசி வரைக்கும் அனுப்பவில்லை. தையில் இன்ஸ்பெக்டர் வந்தபோது மூன்று இடம்தான் காலி. கையெழுத்துப் போட்டார்.

"நாற்காலி கெடைச்சிட்டுல்லா, இனியாவது வீட்டுல உக்காருவியளா?" என்றாள் சொர்ணாம்பாள்.

தலைமை வாத்தியாராக ஆவுடைநாயகம் செய்த முதல் வேலை, மறுபடி எல்லோரையும் சுவரோடு நிறுத்திக் கோடு போட்டது. மாரிக்கண்ணு ஒரு விரற்கடை வளர்ந்திருந்தான். இரண்டாம் வரிசைக்குப் போனான்.

அன்று சாயங்காலம் தங்கத்தாய் பள்ளி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்திருந்தாள்.

"எம் பிள்ளையை ஏன் சாமி பின்னால தள்ளுனிய?"