அவுட்டானவளை உள்ளே கூப்பிடுவது

போன ஞாயிறு எங்கள் மயூர் விஹார் சபையில் புதுப் பாஸ்டர் கபடியை வைத்துப் பிரசங்கம் பண்ணினார். "ஒருத்தர் அவுட்டாகி வெளிய உக்காந்தா, மத்தவங்க பாயிண்ட் எடுத்து அவரைத் திரும்ப உள்ள கொண்டு வரணும். அதுதான் சபை" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயசு, டிவியில் பார்த்திருப்பார். அவரைச் சொல்லி என்ன.

நான் கபடி ஆடியவள். இப்போது என்னைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள், மெட்ரோ படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு நர்ஸ் வேலைக்கு வந்து, முனிர்காவில் ஒரே மாடியில் அடைந்து கிடந்த ஏழு பெண்கள் நாங்கள். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே சபை. சபையின் அறுப்பின் பண்டிகைக்கு ஆண்களுக்கு மட்டும் கபடி என்றதும் எங்களில் ஒருத்தி எஸ்தர் சண்டை போட்டு எங்களையும் சேர்த்தாள். ட்யூட்டி முடிந்து, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆர்.கே.புரம் பூங்காவில் விழுந்து புரளுவோம். இன்றைக்கும் ஸ்பிரிட் வாசனை வந்தால் எனக்கு ஊசி ஞாபகம் வராது, தோல் உரிந்த முழங்கால்தான் ஞாபகம் வரும்.

ஆட்டத்தில் நான் சுத்த மோசம். போன வேகத்தில் பிடிபட்டு வெளியே வந்து உட்காருவேன். எஸ்தர் எதிரணிப் பக்கம் ஏறிப் போகுமுன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொல்லுவாள்: "ஏட்டி, அங்கனயே குத்த வச்சிரு. இந்தா ஒன்ன உள்ள கூப்பிட்டுருதேன்." சொன்னபடி கூப்பிட்டும் விடுவாள். கிறிஸ்தவ ஐக்கியம் என்றால் இதுதான் என்று நம்பிவிட்டேன், மடச்சி.

எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஆஸ்பத்திரி பூட்டி வைத்திருந்தது. யாரும் வேலையை விட்டுப் போகக்கூடாது என்பதற்காக. சேர்ந்து போய்த் திருப்பிக் கேட்போம் என்று ராத்திரி ஜெபம் பண்ணி முடிவெடுத்தோம். வாய் நீளம் என்பதால் பேசுவது நான். மறுநாள் மேட்ரன் அறையில் பேசினேன். பின்னால் ஆறு பேரும் நின்றார்கள். மேட்ரன் என்னை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்து, "நீங்களும் கேக்குறீங்களா, இல்ல இவ மட்டுமா?" என்று இந்தியில் கேட்டார்.

எஸ்தர் தரையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "நஹி மேடம்" என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். மத்தியானமே எனக்கு வேலை போயிற்று. சர்டிபிகேட்டும் வரவில்லை.

பயந்ததைக்கூட நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒவ்வொருத்தியை நம்பியும் ஊரில் ஒரு வீடு இருந்தது. நான் பெட்டி கட்டும்போது எஸ்தர் வந்து, "ஒன்ன ஜெபத்துல வச்சிருக்கோம்ட்டி" என்றாளே, அதுதான் இன்னும் செரிக்கவில்லை.

"ஜெபம் இருக்கட்டும். மேட்ரன்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்றேன். அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த ஞாயிறு ஆறு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்தால் யாராவது பார்த்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவார்களாம். அன்றைய பாஸ்டர், சோதனைக்குள் கடந்துபோகிற ஒரு சகோதரிக்காக ஜெபித்துக்கொள்ளச் சொன்னார். அந்தச் சகோதரி கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஒவ்வொருத்தியாக அயர்லாந்து, குவைத் என்று போனார்கள். சர்டிபிகேட் இல்லாத நான் கைக்குக் கிடைத்த சின்ன நர்சிங் ஹோம்களில் உழன்று, தனிக்கட்டையாகவே நின்றுவிட்டேன். என் பிறந்தநாளுக்கு அவர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் வசனம் வரும், பூப்படத்தோடு. பண்டிகையில் இப்போது கபடி கிடையாது, பிரியாணியும் குலுக்கலும்தான்.

முனிர்கா நாட்களில் ஜெபம் தொடங்குமுன் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். பல்வலி, வீட்டுச் சண்டை, ஒரு பையன் என்னைப் பார்த்துச் சிரித்தது வரைக்கும். நேற்று வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாஸ்டரம்மா என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், ஜெபக்குறிப்பு ஏதாவது இருக்கா?" என்று பிரியமாகத்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா, எல்லாம் சுகம்" என்றேன்.

வியாழக்கிழமை எனக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன். ஆட்டோ பிடித்து நானே போய்க்கொள்வேன்.