சூறைக்குருவிகளை விரட்டின குரல்

எங்கள் ராயப்பன்பட்டியில் பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிற ஆள் நான். செத்தவர்கள் ஆண்டவரிடம் போய்விட்டார்கள், திரும்பி வர அங்கிருந்து பஸ்ஸா விட்டிருக்கிறார்கள் என்று கேலி பேசுவேன். இதைக் கேட்டு நீங்களும் அப்படித்தான் சிரிப்பீர்கள், பரவாயில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வந்த முதல் மார்கழி அது. எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பனிக்காலத்தில் எங்கிருந்தோ சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வரும், சாயங்காலம் அடையப் போகும் முன் பந்தலில் இறங்கினால் பழம் மிஞ்சாது. ஊரில் எல்லாரும் தட்டைத் தட்டுவார்கள், வெடி போடுவார்கள். இவர் மட்டும் வாயாலேயே விரட்டுவார். "ஏலே, தின்னது போதும், வீட்டப் பாத்துப் போங்கலே" என்று, விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி ஒரு குரல், முடிவில் ஒரு இருமல். அதற்கே எழுந்து போய்விடும். அவர் இல்லாததால் நான் வலை வாங்கிப் பந்தலை மூடியிருந்தேன்.

அன்றைக்கு மலையிலிருந்து மேகம் இறங்கி வெளிச்சம் மங்கின நேரம், வலை ஒரு பக்கம் கிழிந்து கிடந்திருக்கிறது, அந்த வழியே குருவிகள் இறங்கிவிட்டன. நான் தட்டை எடுக்க ஓடுகிறேன், பந்தலுக்குள்ளிருந்து அந்தக் குரல். நம்பினால் நம்புங்கள், அதே வார்த்தை, முடிவில் அவருடைய அதே இருமல். கூட்டம் மொத்தமும் எழுந்து போனது. பக்கத்துத் தோட்டத்து மாரியப்பண்ணன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் குரல் எதுவும் கேட்கவில்லையாம்.

"நீ சத்தமே போடலையே ஆத்தா, பின்ன எதுக்கு எந்திரிச்சுப் போகுதுக?" என்றார்.

மறுநாளே வலையை உருவிப் போட்டுவிட்டேன். பழுத்த பழத்தை வைத்துக்கொண்டு எவளாவது இப்படிச் செய்வாளா? என் மகன் போனில் கேட்டான், "அப்பா இருந்தா இப்படி விடுவாகளாம்மா?" என்று. வருசத்துச் சாப்பாடு அந்தப் பழம்தான், எனக்கும் தெரியும். ஆனால் இன்னொரு தரம் அவர் குரலைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் பந்தலடியில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன்.

குருவிகள் வந்தன. தாழ்ந்து இறங்கும், பந்தல் கம்பியில் கால் படும், உடனே மொத்தமும் சேர்ந்து எழுந்து போய்விடும். ஒரு பழம் கொத்துப்படவில்லை. இந்த மார்கழியிலும் அப்படியேதான் நடக்கிறது. அவற்றுக்குக் கேட்கிறது. அவரோடு குடும்பம் நடத்தின எனக்குத்தான் அன்றைக்குப் பிறகு ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.