ஒலிவாங்கியை மூட மறந்த தவமணி அக்கா

தவமணி அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய கணவர் சிவபாலன் அண்ணை தொலைபேசியில் சொன்னபோது, நான் மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேலில், டெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடையில் பால் வாங்க நின்றேன். மாரடைப்பு. காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் வாசலிலேயே சரிந்துவிட்டாராம். "பிள்ளையளுக்கு நீங்கதான் சொல்லணும்" என்றார் அண்ணை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் சொன்னது எங்கள் கோடை முகாமின் பிள்ளைகளை. நான் பாலை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பில் பிறந்தவர். டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்யும் சமையற்கூடத்தில் வேலை. ஆண்டுதோறும் ஜூலையில் தமது விடுமுறையை எங்களுக்குத் தந்துவிடுவார். வடக்கே ஏரிக்கரையில் நடக்கும் ஒரு வார முகாமுக்கு அவர்தான் சமையல். நான் பதிவாளர். பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு நான் தொண்டை கிழியக் கூப்பிடுவேன். அவர் பட்டியல் ஏதுமின்றி, "என்ன சாப்பிட்ட மகள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டே யாரைக் காணவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்.

'பிறகு' என்பதற்கு அவர் ஊரில் 'மறுகா' என்பார்கள். இரண்டாம் தரம் இறைச்சி கேட்டு வரும் பிள்ளையிடம் "மறுகா வா, தாறன்" என்பார். எங்கள் பிள்ளைகளில் பலர் யாழ்ப்பாணத்து வீடுகளில் அதற்குப் 'பேந்து' என்று கேட்டு வளர்ந்து, வெளியே பிரெஞ்சு பேசுபவர்கள். அந்தச் சொல் அவர்களுக்குப் பெரிய பகிடி.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை நெருங்கும் நேரத்தில், ஏரிக்கரை இடத்தை உரிமையாளர் விற்றுவிட்டார். வேறோர் இடம் அடுத்த ஆண்டுக்குத்தான் கிடைக்கும். அதுவும் முப்பது பிள்ளைகளாவது சேர்ந்தால்தான். ஒரு கோடையை விட்டால் பிள்ளைகள் சிதறிவிடுவார்கள், முகாம் அத்தோடு சரி என்று எனக்குப் பயம் பிடித்தது. ஆகவே கணினியில் ஒரு குரல் அரட்டை அறையைத் திறந்தேன். சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு எல்லோரும் அதில் கூட வேண்டும். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது மற்றவர்கள் கேட்க மட்டுமே முடியும். எழுதலாம், பேச முடியாது. பொது அறிவுப் போட்டி, பேச்சுப் போட்டி என்று அட்டவணை போட்டேன். பதினொரு விதிகளும் எழுதினேன். பேசி முடித்தவர் "நன்றி, வணக்கம்" சொல்லியே பொத்தானை விட வேண்டும் என்பது ஏழாவது விதி. முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் நான்கு பேர். அதில் ஒருவன் என் மகன். அவனுக்கு வேறு வழியில்லை.

நான்காம் வாரம், அக்கா பேசப்போகிறார் என்று சொல்லிச் சொல்லி ஒன்பது பேரைப் பிடித்தேன். அக்கா பொத்தானை அழுத்தினார், வணக்கம் சொன்னார், அடுப்பில் கறி இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். பொத்தான் அழுத்தியபடியே பூட்டிக்கொண்டது. இனி வேறு யாரும் பேச முடியாது. தொலைபேசியில் சொல்லலாம் என்றால், அந்த வீட்டின் ஒரே தொலைபேசி இணைப்பில்தான் இணையமும் ஓடுகிறது, மணி அடிக்காது.

கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல்: "இஞ்சேருங்க, தேங்காயத் துருவச் சொன்னா ரீவிய என்ன துருவிப் பாக்கிறீங்க?" நான் தலையில் கை வைத்தேன், அறையையே மூடிவிடலாமா என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல் தாழ்ந்து வந்தது. "இந்நேரம் ஏரிக்கரையில எல்லாரும் தட்டோட நிப்பாங்க. அந்த ஆரணிப் பிள்ளை உறைப்புத் தின்னாது, அதுக்கு வேற சட்டி வைப்பன். இந்த வருசம் ஆருக்கு வைக்கிற? அதுகள் என்னை மறந்திரும் என்ன?"

மொன்ட்ரியால்-நோரில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆரணிதான் முதலில் எழுதினாள்: "மூடாதீங்கோ." மற்றவர்களும் அதையே எழுதினார்கள். ஒரு மணி நேரம் நாங்கள் ஒரு குசினியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, அவரை ஏசினதும் கேட்டதா?" என்றார். "ஓம் அக்கா, எல்லாம் கேட்டது." "அப்ப நல்லம், சாட்சி இருக்கு."

அடுத்த சனிக்கிழமை இருபத்தாறு பேர். என் அட்டவணை குப்பைக்குப் போனது. அக்கா சமைப்பார், பிள்ளைகள் தங்கள் வீடுகளில் கூடவே சமைப்பார்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். ஏழாவது விதியை யாரும் மதிக்கவில்லை. பேசி முடித்து "மறுகா" என்று சொல்லியே பொத்தானை விட்டார்கள். நான் மட்டும் விடாமல் "நன்றி, வணக்கம்" என்றேன். "எல்லாரும் சொல்றாங்க, உங்களுக்கு மட்டும் நாக்குத் தேஞ்சிருமா?" என்று அக்கா கேட்பார். வீம்புதான், வேறென்ன. அடுத்த கோடையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் புதிய இடத்தில் தட்டோடு நின்றார்கள். ஆனாலும் சனிக்கிழமை அறையை மூட யாரும் சம்மதிக்கவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்த அடுத்த சனிக்கிழமை, திறப்பதா வேண்டாமா என்று தயங்கி நான்கு மணிக்குத் திறந்தேன். பிள்ளைகள் வந்தார்கள். திரையில் வந்தவர்கள் பட்டியலில் தவமணி என்ற பெயரும் தோன்றியது. அக்காவின் பெயரில் நுழைந்திருந்தவர் சிவபாலன் அண்ணை. பொத்தானை அழுத்தினார், பேச வரவில்லை, விடவும் தெரியவில்லை. குழாயில் தண்ணீர் போகும் சத்தமும், கேத்தில் கொதிக்கும் சத்தமும் கேட்டன. "மூடாதீங்கோ" என்று ஆரணி எழுதினாள்.

கடைசியில் அண்ணை கேட்டார்: "பிள்ளையள், என்ன சாப்பிட்டீங்க?" பிறகு எப்படியோ பொத்தானை விட்டார். பாண், புட்டு, நூடில்ஸ் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, "மறுகா" என்று முடித்தார்கள். என் முறை வந்தது.

அக்கா, இன்றைக்கு நான் இன்னும் சாப்பிடவில்லை. மறுகா.