பெட்ரோல் ஏறியிருந்த சாயங்காலம்

என் மாமனார் ஒரு மூங்கில் குச்சி வைத்திருக்கிறார். குளியலறைச் சுவரில் தொங்கும் பிளாஸ்டிக் டப்பாவில், பல் துலக்கும் பிரஷ்களுக்கு நடுவே அது நிற்கும். பெட்ரோல் வாடை அடிக்கிறது, வேறு எங்காவது வையுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். கேட்டால்தானே!

நான் ஓட்டுவது என் கணவரின் பழைய மோட்டார் சைக்கிள். அவர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறவர் ஆனபிறகு வண்டி எனக்கு வந்தது. கிலோமீட்டர் வயர் அறுந்து வருஷக்கணக்காகிறது. பெட்ரோல் முள்ளோ, டேங்க் நிறைந்தாலும் காய்ந்தாலும் பாதியிலேயே நிற்கும். எல்லாரும் செய்வதுபோல வண்டியை இடமும் வலமும் ஆட்டி, உள்ளே சலசலக்கும் சத்தத்தைக் கேட்டுக் குத்துமதிப்பாக ஓட்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மாமனாருக்குக் குத்துமதிப்பு ஆகாது.

அரூரில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. சாயங்காலம் வீடு திரும்பியதும், "சென்டர் ஸ்டேண்டு போடு கண்ணு" என்பார். மூடியைத் திறந்து குச்சியை அடிவரை விட்டு எடுப்பார். பெட்ரோல் ஈரம் நிற்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். அதற்குள் ஈரம் முடிகிற இடத்தில் நகத்தை வைத்துவிடுவார். குச்சியில் கத்தியால் கீறிய வரிகள் உண்டு. அரூர் போய்த் திரும்ப எவ்வளவு இறங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். காலையில் நான் கிளம்புமுன் இன்னொரு தடவை அளப்பார்.

"பொம்பளப் புள்ள வழியில நின்னுடக் கூடாது பாரு" என்பதுதான் அவர் சொல்கிற காரணம். பொய்யில்லை. இதுவரை ஒருநாள்கூட நான் வண்டியைத் தள்ளியதில்லை. ரிசர்வுக்கு வருமுன்னே அவரே பங்குக்கு ஓட்டிப்போய் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார். இப்படி ஒரு மாமனார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஒருமுறை தோழியின் குழந்தையைப் பார்க்க மொரப்பூர் பக்கம் போய்விட்டு வந்தேன். "என்ன கண்ணு, இன்னிக்கி ஒரு நகக்கண்ணு கொறச்சலா இருக்குது?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதுவே போதுமாக இருந்தது.

என் அம்மா தீர்த்தமலைக்குப் பக்கத்தில் என் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணன் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது வந்தது வினை. எங்கள் பக்கம் சம்பந்தியைக் கைகூப்பி அழைத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். தானாகப் போய் உட்கார்ந்தால் கௌரவக் குறைச்சல். வந்த கூட்டத்தில் அண்ணன் மறந்துவிட்டான். மாமனார் பந்தல் காலைப் பிடித்தபடி இரண்டு பந்தி முடிகிறவரை நின்றார். பிறகு சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். அண்ணன் பின்னாலேயே வந்து மன்னிப்புக் கேட்டும் பலனில்லை. "அந்த வூட்டுக்கு இனி நானும் போவமாட்டன், நீயும் போவ வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார். ஒரே முறைதான் சொன்னார். மறுபடி சொல்ல அவசியமே வரவில்லை.

போன ஆடியில் அம்மா மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தருமபுரியில் ஆபரேஷன். நான் போகவில்லை. பெற்ற தாயை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்காதவள் நான். கணவரிடம் போனில் கத்தினேன். "அப்பாகிட்ட நான் என்னத்தச் சொல்றது? கொஞ்ச நாளு போவட்டும்" என்றார். எலும்புக்குக் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொன்னால் புரிகிறது. எனக்கு எதற்குக் கொஞ்ச நாள்?

நீ சம்பாதிக்கிறவள், லைசென்ஸ் இருக்கிறது, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். நானே என்னைக் கேட்காத நாளில்லை. சாவி என் பையில்தான் கிடக்கிறது. யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பூட்டு இருந்தாலாவது உடைக்கலாம்.

ஒருநாள் பரிசோதனை மெஷின் பழுதாகி எங்களை மதியமே அனுப்பிவிட்டார்கள். வண்டி எப்படித் தீர்த்தமலை ரோட்டில் திரும்பியது என்று தெரியாது. திரும்பிவிட்டது.

அம்மா கட்டிலில் கிடந்தார். "வந்துட்டியா சாமி" என்றார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படுத்தே கிடந்ததில் பின்னந்தலை முடி சடை பிடித்துப் போயிருந்தது. எண்ணெய் வைத்து ஒவ்வொரு சிக்காகப் பிரித்துச் சீவி, பின்னிவிட்டேன். "மருமவ நல்லாத்தான் பாத்துக்கறா. ஆனாலும் உங் கையி மாதிரி வராது" என்றார். கிளம்பும்போது என் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு, "மறுபடி எப்ப வருவ?" என்றார். அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வரும்போதே அண்ணன் வீட்டு விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி வந்திருந்தேன். காலையில் மாமனார் அளந்தபோது எந்த வரியில் நகத்தை வைத்தார் என்று பார்த்திருந்தேன். சாயங்காலம் அதிலிருந்து அரூர் போய் வரும் அளவு மட்டும் குறைந்திருக்க வேண்டும். விரற்கடையில் கணக்கு வைத்துக்கொண்டேன். அரூர் பங்கில் கொஞ்சமாக ஊற்றச் சொல்லி, வண்டியை ஓரமாக நிறுத்தி ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன். குறைச்சலாக இருந்தது. மறுபடி போய் ஊற்றச் சொன்னேன். பார்த்தேன், போதவில்லை. மூன்றாவது தடவை போனபோது பெட்ரோல் போடுகிறவர், "ஏங்கக்கா, கொழந்தைக்கு மருந்து ஊத்தறாப்பல ஊத்தறீங்க?" என்று சிரித்தார். ஒருவழியாகக் குச்சியில் அளவு சரியாக வந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

"சென்டர் ஸ்டேண்டு போடு கண்ணு."

மாமனார் குச்சியை விட்டு எடுத்தார். நகத்தை வைத்தார். துடைத்துவிட்டு இன்னொரு முறை விட்டு எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, டேங்க்குக்குள்ள ஊத்து வெட்டி வெச்சிருக்கறயா? காலையில இருந்ததவுட ஏறியிருக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பங்கில் அவசரத்தில் நான் வண்டியைச் சைடு ஸ்டேண்டில் சாய்த்து நிறுத்தி அளந்திருக்கிறேன். டேங்க்கின் அடிப்பாகம் நடுவில் மேடு. சாய்ந்த வண்டியில் பெட்ரோலெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், நடுவில் விட்ட குச்சியில் குறைவாகத்தான் காட்டும். நாளெல்லாம் சோதனைக் குழாயைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து எழுதுகிறவள் நான்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இனி மறைத்து என்ன? "எங்கம்மாவப் பாக்கப் போனன் மாமா" என்றேன்.

உள்ளே கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த மாமியாரின் முறம் நின்றது.

"எப்படி இருக்கறாங்க?" என்று கேட்டார் மாமனார்.

"படுத்த படுக்கையாத்தான் கெடக்குது."

"எந்திரிச்சு ஒக்கார்றாங்களா?"

"புடிச்சாத்தான் ஒக்காரும்."

"ம்" என்றார். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். ஒரு கணம் எனக்கு நம்பிக்கைகூட வந்தது. அவர் உள்ளே போய் மருந்தடிக்கிற ரப்பர் டியூபையும் காலித் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வந்தார். டியூபை டேங்க்கில் விட்டு வாயால் உறிஞ்சி, எச்சிலைத் துப்பிவிட்டு, பாட்டிலில் பெட்ரோலை இறக்கினார். நடுநடுவே குச்சியை விட்டுப் பார்த்தார். அரூர் போய் வந்த நாளில் எந்த வரியில் நிற்குமோ அந்த வரிக்கு வந்ததும் டியூபை உருவினார்.

"இப்ப சரியா இருக்குது" என்றார். "வேலைக்குப் போவ, வூட்டுக்கு வர, இது போதும்."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "காப்பி குடிச்சியா கண்ணு?" என்று வழக்கம்போலக் கேட்டார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். "குடிக்கறன் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. அம்மாவே போன் செய்தார். பின்னிவிட்ட சடையை இன்னும் அவிழ்க்காமல் வைத்திருக்கிறாராம், அண்ணி சீவ வந்தாலும் வேண்டாம் என்கிறாராம்.

"எப்ப சாமி வர்ற?"

மாமனார் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டில பெட்ரோல் இல்லம்மா" என்றேன்.

அம்மா சிரித்தார். "அட, நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டன். வழியிலதான் பங்கு இருக்குதில்ல? ஊத்திக்கிட்டு வாயேன்."

"சரிம்மா" என்றேன். "ஊத்திக்கிட்டு வரன்."